என் பேரில் வந்த நோய்

சபாபதி,

நீ நலமா என்று கேட்டு இதைத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நீயும் பூங்கொடியும் பதினாறு நாளாக ஒரே வீட்டில் பேசாமல் இருக்கிறீர்கள் என்று, ஞாயிற்றுக்கிழமை வடக்குத்து ஊருக்கு என்னைப் பார்க்க வந்த உன் மகள் செல்வி சொன்னாள். பூங்கொடி தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாளாம். நீ சாப்பிட்டுக் கை கழுவி, ஒரு வார்த்தை இல்லாமல் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுகிறாயாம். ஒன்பதாவது படிக்கிற பெண் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "அப்பாவுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு," "வேணாம்னு சொல்லு" என்று இரண்டு பக்கமும் தபால் கொண்டுபோகிறாளாம். இவ்வளவும் கம்பெனி ஆஸ்பத்திரியில் காட்டுகிற ஒரு மெடிக்கல் புக் காணாமல் போனதற்காக. பூங்கொடி அதைத் தொலைக்கவில்லை. நான்தான் எடுத்தேன். எடுத்து என் டிரங்குப் பெட்டியில் உன் அப்பாவின் பழைய வேட்டிக்கு அடியில் வைத்தேன். ஒன்பது நாள் நீங்கள் வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடியபோது நானும் கூடவே தேடுகிற மாதிரி பீரோவுக்குப் பின்னால் குனிந்து குனிந்து பார்த்தேன்.

இதை நேரில் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். நேரில் நின்றால் நான் பாதியில் உன்மேல் பாய்ந்து பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கையெழுத்து கோணல் மாணலாகத்தான் இருக்கும், ஆனால் எழுதினால் அடித்துத் திருத்தியதுகூட உன் கண்ணில் படும், நான் எங்கே தடுமாறினேன் என்று நீ பார்த்துக்கொள்வாய். ஏன் செய்தேன் என்று கேட்பாய். பொறாமை. நோய்க்காரி ஒருத்தியின் மேல், அவள் நோயின் மேலேயே, எனக்குப் பொறாமை. சிரிக்காதே. கோபப்படுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

சம்பந்தியம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈரோட்டிலிருந்து வந்து இறங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். அவர் பிள்ளை, உன்னோடு ஒரே ஷிப்டில் இருந்தவன், வடக்கே எங்கேயோ வேலை மாறிப் போய்விட்டான். மகளைப் பார்த்துவிட்டு நாலு நாளில் போகிறேன் என்றுதான் வந்தார். மறுநாள் காலையில் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் சேர்த்து அணைத்துத் தூக்கினார். விரல் முட்டி ஒவ்வொன்றும் சிவந்து பழம் மாதிரி இருந்தது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி. தொட்டால் சுட்டது. பூங்கொடி அழுதாள். கம்பெனி ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றால், புத்தகத்தில் உன் பெண்டாட்டி, பிள்ளை, உன்னைப் பெற்றவள், இவ்வளவு பேர்தான். மாமியாருக்கு இடமில்லை. அப்போது நான் சொன்னது என்ன என்று நினைத்துப் பார். "என் பேருலதான் ஒரு பக்கம் சும்மா கெடக்குதே. போட்டோவா ஒட்டி வெச்சிருக்கான்? பேரு, வயசு, ஒறவு, அவ்ளோதான. என் பேர்ல போயி காட்டிக்கினு வாங்க சம்பந்தி." நான்தான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. மூன்று பேரும் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்தீர்கள். அந்தப் பெருமை எனக்கு ஒரு மாசம் தாங்கியது. தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. கம்பெனியை ஏமாற்றியது ஒரு தப்பு. என் பேரைத் தூக்கிக் கொடுத்தால் திரும்பி வராது என்று யோசிக்காமல் கொடுத்தது இன்னொரு தப்பு.

போன முதல் நாளே ரத்தம் எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். சம்பந்தியம்மா திரும்பி வந்து, "ஏனுங்க சம்பந்தி, உங்க பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க, நான் எந்திரிக்கவே இல்லீங்க. அப்பறம் மாப்பளதான் இடிச்சு எழுப்பி உட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். முடக்குவாதம் என்றார்கள். சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் வீக்கம் வற்றி, அவர் கையால் பூத் தொடுத்தார். அதிலிருந்து வீட்டில் அவர் கைதான் பேச்சு. காலையில் எழுந்ததும் நீ, "அத்தை, இன்னிக்குக் கை எப்பிடி இருக்கு?" என்று கேட்பாய். வெந்நீர் வைத்து அதில் அவர் கையை முக்கி எடுப்பாள் பூங்கொடி. செல்வி ஒவ்வொரு விரலாக நீவிவிடுவாள். முதல் ஷிப்ட் முடிந்து களைத்து வந்தவன், முகம்கூடக் கழுவாமல் ஸ்கூட்டரில் பின்னால் அவரை உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குப் போவாய். அவர் உன் தோளைப் பிடித்துக்கொண்டு, காற்றில் முந்தானை பறக்க, யூகலிப்டஸ் மரத்து ரோட்டில் போவதை வாசல் கேட்டருகே நின்று நான் பார்ப்பேன். அந்த ஸ்கூட்டர் வாங்கியதிலிருந்து நான் அதில் ஏறியது ஒரே ஒரு முறை, அதுவும் கோயிலுக்கு. "நீ கனமா இருக்கியேம்மா, பின் டயர் அமுங்குது" என்று சொன்னாய். விளையாட்டாகச் சொன்னாய். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

என் முட்டி உனக்குத் தெரியாத முட்டி இல்லை. உன் கம்பெனி குவார்ட்டர்சில் அந்த பிளாக் வீடுகள் கட்டும்போது சித்தாளாகச் செங்கல் சுமந்தவள் நான். நீ இப்போது ஃபேன் போட்டுப் படுத்திருக்கிற வீடு மாதிரி எத்தனை வீட்டுக்குச் சாரத்தில் ஏறி இறங்கியிருப்பேன். உன் அப்பா அப்போது நிலக்கரி மைன்சில் காண்ட்ராக்ட் ஆள், பர்மனென்ட் ஆகவில்லை. சாயந்திரம் வந்ததும் நான் காலை நீட்டி உட்கார்ந்தால் கேட்காமலே முட்டியில் கையை வைத்து, "இன்னிக்கு எத்தினி நடை?" என்பார். அவ்வளவுதான், மருந்தும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அந்த மனுஷன் போன பிறகு என் முட்டியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வருஷம் அது ரொம்ப மோசமானது. படி இறங்கினால் உள்ளே மணல் அரைபடுகிற சத்தம். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்று உன்னைக் கேட்டேன். நீ சொன்ன பதில்: "உன் பேர்ல அத்தைதானம்மா போய்க்கினு இருக்காங்க. அந்தச் சீட்டுல கை நோவுன்னு எழுதியிருக்கு. இப்ப நீ போயி முட்டின்னு நின்னா டாக்டரு யாரு நீன்னு கேப்பாரு. கொஞ்ச நாள் பொறு, அவங்களுக்குச் சரியாயிடட்டும்." அந்த நோய் சரியாகிற நோய் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போதாததற்குச் சேர்த்துச் சொன்னாய்: "உனக்கு ஒண்ணுமில்லம்மா. கன்வேயர்ல ரோலர் பேரிங் தேயற மாதிரிதான். வயசான தேயத்தான செய்யும்."

என் பேரில் ஒரு பெரிய நோய் இருந்தது. அதற்கு ரத்தப் பரிசோதனை இருந்தது, எக்ஸ்ரே இருந்தது, மாத்திரை இருந்தது, ஸ்கூட்டர் சவாரி இருந்தது. அந்தப் பேருக்கு உரிய எனக்கு இருந்ததோ தேய்ந்துபோன பேரிங்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். செல்வியின் பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைத்தார்களே, அன்றைக்குத்தான் என்னால் முடியவில்லை. என் பேத்தி மேசை போட்டு நின்றதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, அதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். நம் வம்சத்தில் பள்ளிக்கூடத்து மேசைக்குப் பின்னால் நின்று நாலு பேருக்கு எடுத்துச் சொன்ன முதல் பெண் அவள். இரண்டு கொட்டாங்கச்சியை எலும்பு மாதிரி வைத்து, நடுவில் ஸ்பாஞ்சு வைத்து, சுற்றிச் சிவப்புத் துணியைக் கோத்து ஒரு மூட்டு செய்திருந்தாள். "ஒடம்பக் காப்பாத்த வேண்டிய அணுக்களே, சொந்த மூட்ட வேத்து ஆளுன்னு நெனச்சித் தாக்குது. இது எங்க அம்மிச்சிக்கு வந்திருக்கற நோய்" என்று சொல்லி, பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். எல்லோரும் ஐயோ பாவம் என்று குனிந்து பார்த்தார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு கையைக் கொடுத்திருந்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அவள் டீச்சர் என்னைப் பார்த்து, "இந்தப் பாட்டிக்கும் அதே நோயா?" என்று கேட்டார். செல்வி சிரித்துக்கொண்டே, "இல்லிங்க டீச்சர், இவங்க எங்க ஆயா. இவங்களுக்கு ஒண்ணுமில்ல, வயசாயிடுச்சி, தேய்மானம்" என்றாள். குழந்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன் வாயிலிருந்து கேட்டதைத்தான் சொன்னாள். ஒண்ணுமில்ல. அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் நின்றபடியே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் நீ முதல் ஷிப்டுக்குப் போன பிறகு, பூங்கொடி பால் வாங்கப் போயிருந்தாள். மாத்திரை முந்தின நாளோடு தீர்ந்திருந்தது; மறுபடி வாங்கப் போவதற்காக டிவி மேல் வைத்திருந்த புத்தகத்தை எடுத்தேன். என் பேர் போட்ட பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதில் எழுதியிருந்த ஒரு வரியும் என்னைப் பற்றி இல்லை. பெட்டியைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினேன். வலி வரட்டும் என்றுதான் வைத்தேன், சபாபதி. அதை மறைக்கப் போவதில்லை. நாலு நாள் மாத்திரை இல்லாமல் இருந்து பார்க்கட்டும், வலியென்றால் என்ன என்று தெரியட்டும் என்று நினைத்தேன். அவருக்குத்தான் தெரியுமே, எனக்குமேல் தெரியுமே என்று அப்போது தோன்றவில்லை. வலியைத் தவிர வேறு ஆபத்து இருக்கும் என்றும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன் என்று எழுதினால் நீ ஆறுதல் அடைவாய். எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், பார். எனக்கே நிச்சயம் இல்லை.

ஒன்பது நாள். மாத்திரையின் பேர் புத்தகத்தில் மட்டும்தான் எழுதியிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதக் கவரில் காலை ஒன்று என்று கோடு போட்டிருந்ததே தவிர வேறு ஒன்றும் இல்லை. புதுப் புத்தகம் கேட்டு ஆபீசுக்குப் போனால் அம்மாவைக் கூட்டிவா என்பார்களோ என்று நீ பயந்தாய். சம்பந்தியம்மா, "பரவாயில்லீங்க மாப்ள, தாங்கிக்கறனுங்க, மெதுவாத் தேடலாம்" என்றார். நாலாம் நாள் கை வீங்கியது. ஆறாம் நாள் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் வாந்தி. ஒன்பதாம் நாள் காலை குளியலறைக் கதவுக்கு வெளியே சரிந்து விழுந்தார். நீ வாடகைக் காரில் போட்டு, மெயின் பஜார் பக்கத்தில் வைத்தியம் பார்க்கும் அந்த ரிட்டயர்டு லேடி டாக்டரிடம் கொண்டுபோனாய். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டு, "இந்த மாத்திரைய திடீர்னு நிறுத்தலாமா? யாரு நிறுத்தச் சொன்னது?" என்று அந்த அம்மா அதட்டினார். நீ என் கண்ணெதிரே பூங்கொடியைத் திரும்பிப் பார்த்தாய். வீட்டுக்கு வந்து, "ஒரு பொஸ்தகத்தப் பத்திரமா வெச்சிக்கத் துப்பில்ல, ஒங்கம்மாவ நீயே கொன்னிருப்ப" என்று கத்தினாய். அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. இரண்டு பேர் பேசாமல் இருந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம்! அதற்கு மூன்றாம் நாள், வீட்டில் இடம் நெருக்கடி என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு வடக்குத்துக்கு வந்துவிட்டேன். புத்தகமும் பெட்டிக்குள் என்னோடு வந்துவிட்டது.

போன வாரம் நானே தனியாக அந்த டாக்டரம்மாவிடம் போனேன். பேர் என்ன என்றார்கள். என் பேரைச் சொன்னேன். இரண்டு வருஷத்தில் வைத்தியத்துக்காக அந்தப் பேரை நானே சொன்னது அன்றுதான். முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். நான், "பேரிங் தேஞ்சிப் போச்சி, அவ்ளோதாங்க" என்றேன்.

"யாரு சொன்னா பேரிங்னு?"

"எம் புள்ள. மைன்ஸ்ல ஃபிட்டரு."

"இரும்புக்குச் சொல்ல வேண்டியத உங்களுக்குச் சொல்லியிருக்காரு. இரும்புக்கு உயிர் இல்ல. உங்க முட்டியில எலும்பு முனையில மூடி மாதிரி இருக்கற குருத்தெலும்புக்கு உயிர் இருக்கு."

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். அந்தக் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. ஸ்பாஞ்சு மாதிரி, நாம் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் பிழிபட்டு, காலைத் தூக்கும்போது சுற்றியிருக்கிற நீரை உறிஞ்சித்தான் அது சாப்பிடுகிறது. உள்ளே கொஞ்சம் உயிரணுக்கள் உட்கார்ந்து ஆயுசு முழுக்கக் கிழிசலைத் தைத்துக்கொண்டே இருக்கின்றன. பாரம் அதிகமாகி வயசும் ஏறினால் தையல் பின்தங்கிவிடுகிறது. அதற்கு மேல் கெடுதல் என்னவென்றால், தைக்க வேண்டிய அந்த அணுக்களே கலங்கிப்போய், பழையதைக் கரைக்கிற சாற்றை அளவுக்கு மேல் சுரக்க ஆரம்பிக்கின்றன. அடியில் எலும்பு இறுகுகிறது, ஓரத்தில் முள் மாதிரி முளைவிடுகிறது. வெறும் வயசு இல்லை, வெறும் தேய்மானமும் இல்லை, உள்ளே பெரிய வேலை நடக்கிறது என்றார்.

"அப்ப இதுவும் நோய்தானுங்களா?"

"நல்லா கேட்டீங்க. நோய்தான், சந்தேகமே வேணாம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சபாபதி. நோய் இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஆளை அந்த அம்மா பார்த்திருக்க மாட்டார். எடை குறைக்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராகத் தூக்கித் தொடைக்கு வலு ஏற்ற வேண்டும், வலிக்கிறது என்று ஒரேயடியாக முடங்கக் கூடாது என்றார்.

பிறகு சம்பந்தியம்மாவைப் பற்றி நானே கேட்டேன். "மைன்ஸ் கேட்டுல காவக்காரரு பாஸப் பாத்து உள்ள விடறாருல்ல? ரத்தத்துல அப்படிக் காவலுக்கு ஆளுங்க இருக்காங்க. அவங்க ஒடம்புல அந்தக் காவலுக்கு அடையாளம் தப்பிப் போச்சு. சொந்த ஆளப் புடிச்சு அடிக்குது" என்றார். மூட்டைச் சுற்றி மெல்லிசாக ஒரு உறை இருக்கிறதாம். வழவழப்பான நீரைச் சுரப்பது அதுதான். அந்தக் காவல்காரர்கள் அங்கே வந்து கூட்டம் கூடுகிறார்கள். உறை தடித்து, சதையாக வளர்ந்து, குருத்தெலும்பின்மேல் படர்ந்து எலும்பை ஓரத்திலிருந்து தின்கிறது. கோளாறு ரத்தத்திலேயே இருப்பதால் இரண்டு கையும் ஒரே மாதிரி வீங்குகிறது, உடம்பு சுடுகிறது, களைக்கிறது. எனக்கு எழுந்து நாலு எட்டு வைத்தால் முட்டி இளகிவிடும். அவருக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் கை மடங்காது. "ஏன் அப்படி அடையாளம் தப்புது?" என்றேன். "அதக் கண்டுபுடிச்சா எனக்கு மாலை போடுவாங்க பாட்டி. இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியல" என்றார்.

கடைசியில் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். "மைன்ஸ்ல நிலக்கரிக்கு அடியில தண்ணி முட்டிக்கினு நிக்குது, பம்பு போட்டு எறைச்சிக்கினே இருக்காங்க, ஏன்?" என்றார். எனக்குத் தெரியும். பம்பை நிறுத்தினால் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும் என்று உன் அப்பா சொல்லுவார். அந்த மாத்திரையும் வீக்கத்தை அப்படி அழுத்தி வைத்திருக்கிறது. அதோடு இன்னொன்றும் சொன்னார். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி, அதே மருந்தை நம் உடம்புக்குத் தானே செய்து கொடுக்குமாம். வெளியிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தால் அது வேலையை விட்டுவிட்டுத் தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் வெளியிலும் இல்லை, உள்ளும் இல்லை. ரத்த அழுத்தம் விழுந்து ஆள் போய்விடும். "அந்தம்மா பொழச்சது உங்க அதிர்ஷ்டம்" என்றார். உங்க என்று அவர் பொதுவாகத்தான் சொன்னார். அது எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது.

நேற்று நீ முதல் ஷிப்ட் போயிருந்தபோது குவார்ட்டர்சுக்கு வந்தேன். சம்பந்தியம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மெலிந்துவிட்டார். நான் நின்றபடியே, "பொஸ்தகத்த எடுத்தது நாந்தான்" என்றேன். அவர் கீரையிலிருந்து தலை நிமிரவில்லை.

"தெரியுமுங்க சம்பந்தி."

"என்னா தெரியும்?"

"நீங்க பொட்டியில வெச்சதுங்க. வெடியால முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தனுங்க. கை காலு மடங்காதுங்களே, எந்திரிக்க நேரமாவுமுங்க. பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏன் கேக்கல? ஒரு வார்த்த கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பனே. பொண்ணு திட்டு வாங்கறா, அப்பக்கூட வாயத் தொறக்கல?"

"எப்படிங்க கேக்கறது? அது உங்க பேருங்களே. ரெண்டு வருசமா நான் வெச்சுக்கிட்டிருந்தேன், நீங்க திருப்பி எடுத்துக்கிட்டீங்க. பூங்கொடிகிட்டச் சொல்லலாம்னு பாத்தேன், சொன்னா குடும்பம் ரெண்டாயிருமேன்னு உட்டுட்டேன்."

"செத்துப் போயிருந்தா?"

அவர் சிரித்தார். "போயிருந்தா உங்க பேர்லதானுங்க போயிருப்பேன். ஆபீசுல உங்களத்தான் செத்துட்டீங்கன்னு எழுதியிருப்பாங்க. அப்பறம் நீங்க எங்கிங்க போயி முட்டிக்கு மருந்து வாங்கறது?"

நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன். என்னால் அவருக்கு ஈடு கொடுக்க முடியவில்லை என்று அப்போதும் வயிறு எரிந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டிச் சமமாகியிருப்பேன். அடுப்படியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பூங்கொடி வாசற்படியில் வந்து நின்றாள். என்னைப் பார்த்தபடி இருந்தாள். அப்படி நின்றால் எந்த மருமகளும் பேசாமல் விட மாட்டாள் என்று தயாராக இருந்தேன். அவள், "அத்தை, இத நீங்களே அவருகிட்டச் சொல்லிருங்க. நான் சொன்னா மாமியா மேல பழி போடறேன்னு சொல்லுவாரு" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய், கொஞ்ச நேரம் கழித்துக் காப்பி கொண்டுவந்து தரையில் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

அவள் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். பெண்டாட்டி உண்மையைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய் என்று அவள் நினைக்கிற நிலைமைக்கு நீ கொண்டுவந்திருக்கிறாய். அதில் என் வளர்ப்பும் இருக்கிறது. வீட்டில் ஒரு சாமான் காணவில்லை என்றால் உன் அப்பா என்னைத்தான் முதலில் கேட்பார். நீ அதைப் பார்த்து வளர்ந்தவன். மாற்றிக்கொள். ஒன்று தொலைந்தால் முதலில் உன் அம்மாவின் பெட்டியைப் பார், வெட்கப்படாமல் பார். வலி என்று யார் சொன்னாலும், பெரிய பேர் இருக்கிற வலியா, பேர் இல்லாத வலியா என்று தராசு போடாதே. இரண்டு பேர் வலியைச் சொன்னால் இரண்டு பேரையும் கேள். கேட்கிறதற்கு நீ டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

இதைப் படித்ததும் என்னிடம் வராதே. திட்டுவதற்கும் வராதே, பரவாயில்லை என்று சொல்வதற்கும் வராதே. நேராகப் பூங்கொடியிடம் போ. செல்வி வழியாகச் சொல்லி அனுப்பாமல், உன் வாயால், தப்பு என்னுதுதான் என்று சொல். அவள் உடனே பேச மாட்டாள். பேசுகிற வரைக்கும் அங்கேயே நில்.

மெடிக்கல் புக்கை இதோடு வைத்திருக்கிறேன். இனி அதில் என் முட்டி மட்டும்தான் போகும். டாக்டர் கேட்டால், இத்தனை நாள் வந்தது வேறு ஆள் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். உனக்கு மெமோ வந்தால் வரட்டும், சேர்ந்து பயப்படுவோம். சம்பந்தியம்மாவை வரும் செவ்வாய்க்கிழமை கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டுப் போடப் போகிறோம், அவர் பேரில், அவர் வயதில். அந்த லேடி டாக்டர் கடிதம் கொடுத்திருக்கிறார், அதுவரைக்கும் மாத்திரையும் கொடுத்திருக்கிறார். நான்தான் கூட்டிப்போகிறேன். நீ லீவு போட வேண்டாம், ஸ்கூட்டரையும் எடுக்க வேண்டாம். ஏறி இறங்க ஆளுக்கு ஆள் பிடித்துக்கொள்வோம், அவருக்குக் கால் பரவாயில்லை, எனக்குக் கை பரவாயில்லை. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்குத்தான் என்று நேற்றே சொல்லிவிட்டேன். அதற்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா